18446744073709551615: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுரங்கப் பலகையில் அரிசி வைக்கும் கதையின் விடை இந்த 20 இலக்க எண்தான். 64 பிட் (0 அல்லது 1 மட்டும் கொள்ளும் 64 இடங்கள்) நினைவிடத்தில் கூட்டல், கழித்தல் குறியில்லாமல் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இதுவே. சுருக்கமாக 2⁶⁴ − 1. கீழே வரும் கணக்குகளைப் பெரும்பாலும் பேனாவும் தாளும் வைத்தே சரிபார்க்கலாம்.

இதைத் தமிழில் எப்படி வாசிப்பது?

நம் முறையில் காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுச் சொல்ல வேண்டுமானால் வலப்பக்கத்திலிருந்து ஏழேழு இலக்கமாக வெட்டுங்கள்: 184467 | 4407370 | 9551615. முதல் துண்டு கோடி கோடி, நடுத் துண்டு கோடி, கடைசித் துண்டு கோடிக்குள் அடங்குவது. ஆக, 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடியே, 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடியே, 95 லட்சத்து 51 ஆயிரத்து 615. கோடிக்கு மேற்பட்ட எண்களுக்குப் பழைய நூல்கள் தரும் பெயர்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. அதனால் கோடி கோடி என்று சொல்வதே குழப்பமில்லாத வழி.

கால்குலேட்டர் இல்லாமல் இந்த எண்ணை வரவழைக்க முடியுமா?

முடியும். 64 முறை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை, வர்க்கமாக்கிக்கொண்டே போனால் போதும். 2⁸ = 256. அதன் வர்க்கம் 2¹⁶ = 65536. அதன் வர்க்கம் 2³² = 4294967296. இன்னும் ஒரு பெருக்கல்தான் பாக்கி. 4294967296-ஐ 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக வெட்டுங்கள்.

42949² = 1844616601. இதன் பின்னால் 10 பூஜ்யம்.
2 × 42949 × 67296 = 5780591808. இதன் பின்னால் 5 பூஜ்யம்.
67296² = 4528751616.

மூன்றையும் கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நம் எண். பெரும்பாலோர் தவறுவது நடு வரியில்: 2-ஆல் பெருக்க மறந்துவிடுவார்கள், அல்லது 5 பூஜ்யத்துக்குப் பதில் 4 போட்டுவிடுவார்கள்.

எழுதிய எண் சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

இலக்கங்களைக் கூட்டினால் 87 வர வேண்டும். ஆனால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனை கண்டுபிடிக்காது. 20 இலக்கத்தைக் கையால் எழுதும்போது நடக்கிற தவறோ பெரும்பாலும் அதுதான். அதற்கு 1001 சோதனை நல்லது. வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்:

615 − 551 + 709 − 073 + 744 − 446 + 18 = 1016

1001-ஐக் கழித்தால் 15. 1001 = 7 × 11 × 13 என்பதால் இதே 15-ஐ வைத்து மூன்று மீதிகளையும் சொல்லிவிடலாம்: 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் 4, 13-ஆல் 2. இலக்கங்களைத் தொடாமலும் இதைப் பெறலாம். 2³ = 8 என்பதை 7-ஆல் வகுத்தால் மீதி 1; 64 = 3 × 21 + 1; ஆகவே 2⁶⁴-இன் மீதி 2, ஒன்று குறைத்தால் 1. இரண்டு வழியும் ஒத்துப்போகின்றன.

இது பகா எண்ணா?

இல்லை. 5-இல் முடிவதைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். இந்த அளவுள்ள ஓர் எண்ணை முழுதாகக் காரணிப்படுத்துவது கையால் நடக்கிற காரியமல்ல, ஆனால் இந்த எண் தானாகவே உடைகிறது என்பதுதான் வேடிக்கை. பள்ளியில் படித்த ஒரே சூத்திரம் போதும்: ஒரு வர்க்கத்தில் 1 குறைத்தால் அது (வர்க்கமூலம் + 1) × (வர்க்கமூலம் − 1).

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1). பின்பாதியை மறுபடி உடைத்தால் (2¹⁶ + 1)(2¹⁶ − 1). அதையும் உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் 2 − 1 = 1 மிஞ்சும். கிடைப்பவை:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

64 என்பது 2-இன் அடுக்கு என்பதால்தான் இந்த உடைப்பு கடைசிவரை போகிறது. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது 641 × 6700417. முழு விடை:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

எந்தக் காரணியும் இரண்டு முறை வரவில்லை.

641 வகுக்கும் என்பதை எப்படி நிறுவுவது?

இந்த ஆறு காரணிகளும் ஃபெர்மா எண்கள்: 2-இன் அடுக்கில் 2-இன் அடுக்கை வைத்து, 1 கூட்டியவை. இப்படிப்பட்ட எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். முதல் ஐந்தும் அப்படித்தான் இருந்தன. ஆறாவதை 641 வகுக்கும் என்று 1732-இல் ஆய்லர் காட்டினார்.

நான்கு வரியில் நிறுவலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இனி 641 = 625 + 16 = 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம், ஆகவே 5⁴-க்குப் பதிலாக −2⁴ போடலாம். கிடைப்பது −2³²-இன் மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

641 என்ற எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 2³² + 1-இன் எந்தப் பகாக் காரணியையும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அப்படிப்பட்ட எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 129, 257, 385, 513, 641. இவற்றில் பகா எண்கள் 257-உம் 641-உம்தான். 257 வகுக்காது. ஆக இரண்டாவது முயற்சியிலேயே விடை. 64-ஆல் வகுத்து மீதி 1 என்ற தளர்ந்த விதியை வைத்துத் தேடினாலும் 193, 257, 449, 577, 641 என்று ஐந்தாவது முயற்சியில் வந்துவிடும்.

6700417 பகா எண்தான் என்பது எப்படி உறுதி?

அதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று அதிகம். ஆகவே 2588 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை 370-க்கும் மேல் இருக்கின்றன. மேலே சொன்ன 128 விதியைப் பயன்படுத்தினால் ஐந்து மட்டும் மிஞ்சுகின்றன: 257, 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் பூஜ்யம் இல்லை, வேலை முடிந்தது. 1537, 1793, 1921 போன்றவையும் பட்டியலில் வருகிறதே என்று நினைத்தால், அவை பகு எண்கள்: 29 × 53, 11 × 163, 17 × 113.

வகுத்திகள் எத்தனை?

ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள்; ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். 2⁷ = 128 வகுத்திகள். எல்லா வகுத்திகளையும் கூட்டினால் எண்ணைப்போல் சுமார் 1.703 மடங்கு வரும். 2 மடங்கை எட்டாததால் இது குறை எண் வகை.

இதைவிடச் சுவையானது, இதனோடு 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத, இதைவிடச் சிறிய எண்கள் எத்தனை என்பது. விடை 9208981628670443520, கிட்டத்தட்ட சரிபாதி. 2/3, 4/5, 16/17, 256/257, 65536/65537 ஆகியவற்றைப் பெருக்கினால் ஏறக்குறைய பாதி வருவதே காரணம். 641 வந்து அதை இன்னும் கொஞ்சம் குறைக்கிறது.

வர்க்க எண்ணா? வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாமா?

வர்க்கம் இல்லை. 5-இல் முடியும் வர்க்கம் 25-இல்தான் முடிய வேண்டும், இது 15-இல் முடிகிறது.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது, மூன்றாகவும் முடியாது. 8-ஆல் வகுத்தால் இதன் மீதி 7. எந்த வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மட்டுமே வரும். இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7-ஐப் பெற முடியாது. நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்பது லக்ராஞ்ச் நிறுவியது. இதற்கு ஒரு விடை:

4294967295² + 92681² + 370² + 173²

முதல் வர்க்கத்தைக் கழித்தால் 2³³ − 2 = 8589934590 மிஞ்சும். அதில் 92681²-ஐக் கழித்தால் 166829. அது 13 × 41 × 313. மூன்றும் 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்கள் என்பதால் இரண்டு வர்க்கமாகப் பிரிந்தே தீரும்.

1 + 2 + 3 + … என்று கூட்டிக்கொண்டே போனால் எங்காவது இந்த எண் வருமா?

வராது, அதாவது இது முக்கோண எண் இல்லை. இந்தக் கேள்வி நேரே இராமானுஜனிடம் கொண்டுபோய் விடுகிறது. ஓர் எண் முக்கோண எண்ணாக இருக்க, அதை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் வர்க்கம் வர வேண்டும். நம் எண்ணுக்கு அது 2⁶⁷ − 7. 2-இன் எந்த அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் வர்க்கம் வரும்? 1913-இல் இராமானுஜன் இந்தக் கேள்வியை எழுப்பி, அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆகிய ஐந்துக்கு மட்டுமே வரும் என்று ஊகித்தார். வர்க்கமூலங்கள் 1, 3, 5, 11, 181. 1948-இல் நோர்வேயின் நாகெல் அதை நிறுவினார். 67 அந்தப் பட்டியலில் இல்லை. 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களில் முக்கோண எண்களாக இருப்பவை 0, 1, 3, 15, 4095 மட்டுமே.

இத்தனை பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் வைத்து வரைய முடியுமா?

கொள்கையளவிலும் முடியாது. ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை வரைய, பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். 17 பக்கத்துக்கு வழி இருப்பதை 1796-இல் காஸ் கண்டார். வேறெதற்கும் முடியாது என்ற மறுபாதியை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். 641-உம் 6700417-உம் ஃபெர்மா எண்கள் அல்ல, ஆகவே நம் எண் தோற்கிறது. ஆனால் அதன் வகுத்தியான 4294967295 தேறுகிறது: 3 × 5 × 17 × 257 × 65537. இன்றுவரை வரையத்தக்கவை என்று தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31; அவற்றில் மிகப் பெரியது இந்த 4294967295 பக்கம் கொண்டதுதான். வட்டத்திலிருந்து வேறுபடுத்திப் பார்க்க எந்தக் கண்ணாலும் ஆகாது என்பது வேறு விஷயம்.

அரிசிக் கதையில் இந்த எண் எப்படி வருகிறது? எடை எவ்வளவு?

முதல் கட்டத்தில் 1, அடுத்ததில் 2, பிறகு 4, 8 என்று 64 கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் மட்டும் 2⁶³ = 9223372036854775808 மணிகள். அதற்கு முந்தைய 63 கட்டங்களின் மொத்தத்தைவிட அது ஒன்றே ஒன்று அதிகம். மொத்தம் 2⁶⁴ என்று சொல்வதும் 2⁶³ என்று சொல்வதும் வழக்கமான பிழைகள்.

1000 மணி 25 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 40,000 மணி. மொத்தம் சுமார் 46,117 கோடி டன். இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி ஏறத்தாழ 50 கோடி டன். ஆக 900 ஆண்டு விளைச்சலுக்கும் மேல். சன்ன ரகமாக 1000 மணி 20 கிராம் என்று கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். பலகையின் முதல் பாதிக்கு, அதாவது 32 கட்டங்களுக்கு, 107 டன் போதும். அதை ஒரு பெரிய அரிசி மண்டியில் வாங்கிவிடலாம். ஆபத்தெல்லாம் இரண்டாம் பாதியில்.

சுமார் 1000-ஆம் ஆண்டிலேயே அல்-பிரூனி இந்தக் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டு எழுதினார். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயில் பால்பாயசத்துக்குச் சொல்லப்படும் ஐதிகமும் இதே கணக்குத்தான்: அரசனோடு சதுரங்கம் ஆடி வென்ற கண்ணனுக்குப் பட்ட கடனை அரிசியாகக் கட்ட முடியாமல் பாயசமாகத் தீர்க்கிறார்கள்.

ஹனோய் கோபுரத்திலும் இதே எண்ணா?

ஆம். மூன்று கம்பங்களில் ஒன்றில் அடுக்கிய 64 வட்டுகளை, ஒரு முறைக்கு ஒன்றாக, சிறியதன் மேல் பெரியதை வைக்காமல், இன்னொரு கம்பத்துக்கு நகர்த்தும் புதிர் அது. அதற்குக் குறைந்தது 2⁶⁴ − 1 நகர்த்தல்கள் வேண்டும். நொடிக்கு ஒன்று என்றால் சுமார் 58,454 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு.

எக்செலில் போட்டால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகின்றனவே?

எக்செல் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 18446744073709500000 என்று மாறிவிடும், எச்சரிக்கையும் வராது. பிறகு கட்டத்தின் வடிவத்தை மாற்றினாலும் போன இலக்கங்கள் திரும்பாது. தட்டச்சு செய்வதற்கு முன்பே கட்டத்தை உரை வடிவமாக்குங்கள், அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள்குறி இடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணாக எழுதினால் 18446744073709552000 என்று காட்டும். உள்ளே இருப்பது உண்மையில் 2⁶⁴. அங்கே 2⁵³-க்கு மேல் எல்லா முழு எண்ணுக்கும் இடமில்லை; 2⁶⁴-க்குச் சற்றுக் கீழே 2048-க்கு ஒன்று என்ற இடைவெளியில்தான் எண்கள் இருக்கின்றன. பிக்இன்ட் வகையைப் பயன்படுத்துங்கள். பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லை கிடையாது, 2**64-1 என்று எழுதினால் சரியாக வரும். ஆனால் 641-ஆல் வகுக்க ஒற்றைச் சாய்கோடு போட்டால் விடை பதின்மமாக மாறி, கடைசி இலக்கம் 5-க்குப் பதில் 6 ஆகிவிடும். இரட்டைச் சாய்கோடு (//) போட்டால் சரியான 28778071877862015 கிடைக்கும்.

தரவுத்தளத்தில் மைஎஸ்கியூஎல்லின் குறியில்லாத பெருமுழு எண் வகை இதைச் சரியாகக் கொள்ளும், இதுவே அதன் உச்ச வரம்பு. போஸ்ட்கிரெஸ்ஸின் பெருமுழு எண் வகை 9223372036854775807-இல் நின்றுவிடும். அங்கே நியூமெரிக் வகை வேண்டும்.

நிரலின் பதிவுக் கோப்பில் திடீரென்று இந்த எண் தென்படுகிறது. என்ன அர்த்தம்?

பெரும்பாலும் அது −1. 64 பிட்டிலும் 1 இருப்பதைக் குறியுள்ள எண்ணாக வாசித்தால் −1, குறியில்லாமல் வாசித்தால் 18446744073709551615. முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: பூஜ்யத்திலிருந்து 1-ஐக் கழிக்கும் குறியில்லாத மாறி, பிழை என்பதற்கு −1 திருப்பும் செயற்கூறின் விடையைக் குறியில்லாத மாறியில் வாங்கிய இடம், சி++ நிரலில் ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்காதபோது வரும் மதிப்பைச் சோதிக்காமல் பயன்படுத்திய வரி. குறியில்லாத எண்ணை வைத்து கீழ்நோக்கி எண்ணும் சுழற்சியில் “பூஜ்யம் அல்லது அதற்கு மேல்” என்று நிபந்தனை வைத்தால் அது ஒருநாளும் முடியாது, பூஜ்யத்துக்குப் பிறகு இந்த எண்ணுக்குத் தாவிவிடும்.

64 பிட் கணக்கில் இதோடு 1 கூட்டினால் 0. இதை இதாலேயே பெருக்கினால் 1. இரண்டாவதைக் கேட்டுத் திகைப்பவர்கள் (−1) × (−1) என்று நினைத்துக்கொள்ளலாம்.

சீரற்ற எண் உருவாக்கிகளில் இதன் காரணிகள் எதற்கு?

ஒவ்வோர் அடியிலும் பிட்டுகளை ஓரிடம் நகர்த்தி, காலியான இடத்தைச் சில பிட்டுகளின் கலவையால் நிரப்புவது நகர்வுப் பதிவகம். 64 பிட் நகர்வுப் பதிவகம் ஒன்று பழைய நிலைக்குத் திரும்பும் முன் அதிகபட்சம் 2⁶⁴ − 1 நிலைகளைக் கடக்கலாம். எல்லாப் பிட்டும் பூஜ்யமான நிலை கணக்கில் சேராது. அதிலிருந்து வெளியே வர வழியில்லை. தொடக்க விதையாக 0 கொடுத்தால் உருவாக்கி வாழ்நாள் முழுவதும் 0-வையே துப்புவது இதனால்தான்.

எந்தப் பிட்டுகளைக் கலப்பது என்பதை ஒரு பல்லுறுப்புக்கோவையாக எழுதுவார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த கோவை முழுச் சுற்றையும் தருமா என்று பார்க்க, அத்தனை நிலைகளையும் ஓட்டிப் பார்க்க முடியாது. 2⁶⁴ − 1 அடிகளுக்குப் பின் தொடக்க நிலை திரும்புகிறதா என்று அடுக்கேற்ற முறையில், அதாவது மேலே செய்ததுபோல் வர்க்கமாக்கிக்கொண்டே போய், பாருங்கள். பிறகு அந்த எண்ணை 3, 5, 17, 257, 641, 65537, 6700417 ஆகிய ஒவ்வொன்றாலும் வகுத்து, அத்தனை அடிகளில் திரும்பவில்லை என்பதையும் பாருங்கள். எட்டே சோதனைகள். 641-ஐயும் 6700417-ஐயும் தனித்தனியாகப் பார்க்காமல் 4294967297-ஐப் பகா எண்ணாக எண்ணிச் சோதித்தால், சுற்று 641-இல் ஒரு பங்காகச் சுருங்கிய கோவையும் தேறிவிடும். ஃபெர்மா செய்த அதே பிழை.

தேறும் கோவைகளுக்குப் பஞ்சமில்லை: 64-ஆம் படியில் 143890337947975680 இருக்கின்றன. மேலே கண்ட 9208981628670443520-ஐ 64-ஆல் வகுத்தால் வருவது.

பக்கத்தில் பகா எண் எங்கே இருக்கிறது?

கீழே 58 தள்ளி 18446744073709551557, மேலே 14 தள்ளி 18446744073709551629. நடுவில் 72 இடைவெளி. இந்த உயரத்தில் சராசரி இடைவெளி சுமார் 44. 2 தள்ளி இருக்கும் 18446744073709551617 அடுத்த ஃபெர்மா எண், 2⁶⁴ + 1. அதுவும் பகா எண் அல்ல: 274177 × 67280421310721 என்று 1880-இல் லாண்ட்ரி உடைத்தார். நம் எண்ணை அதனால் பெருக்கினால் 2¹²⁸ − 1, அதன் ஒன்பது பகாக் காரணிகளும் இப்போது உங்கள் கையில்.